ஒரு நாள் மட்டும் இருக்கும் பெயர்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். தோசை மாவு கல்லின் ஓரம் தாண்டி ஓடுவதுபோல் என் எழுத்து கோட்டைத் தாண்டி ஓடும். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பழைய ஆட்கள் எல்லாரும் எழுத வேண்டும் என்று செயலாளர் சொன்னபோது, எனக்குப் பந்தியில் பரிமாறத்தான் தெரியும் சார் என்று நழுவப் பார்த்தேன். "நீங்க எழுதிக் குடுங்க, தப்பை நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர் பார்த்துத் திருத்தியிருப்பார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப் பேர் டாலிகஞ்சில் என் அப்பா நடத்திய மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். மற்றவர்களின் அப்பாக்கள் கல்யாணத்துக்கு முன்னால் அங்கே சாப்பிட்டிருப்பார்கள். கீழே நீள பெஞ்சு, ஈயச்சட்டி ரசம், வாசலில் தமிழிலும் வங்காளியிலும் 'சுத்த சைவம்' என்று எழுதிய தகரப் பலகை. இதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் எழுதப்போவது அதே வீட்டில் மாடியில் நடந்தது. அது உங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மெஸ் அன்றைக்கே மூடியிருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு வார்த்தை. என் ஆயுளில் அதை இரண்டு காலங்களில்தான் கேட்டிருக்கிறேன். இரண்டாம் முறை இந்த வருடம் சித்திரையில், என் மகளின் போனில் கேட்டது. முதல் முறை கேட்டபோது எனக்கு ஒன்பது வயது.

அந்த வருடம் மெட்ரோவுக்காகச் சாலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். நாம் பள்ளிக்கூடத்துக்குப் பலகை மேல் நடந்து போனது நினைவிருக்கும். ஒரு பக்கம் டிராம் மணி அடித்துக்கொண்டு ஊரும். இன்னொரு பக்கம் பாதாளம் மாதிரிப் பள்ளம், அடியில் மஞ்சள் தண்ணீர். சாயங்காலம் வீட்டுக்கு வீடு கரி அடுப்பு மூட்டுவார்கள். அந்தப் புகையும் தோண்டிய மண்ணின் ஈர வாசனையும் கலந்து தெரு முழுக்கத் தொங்கும். பிறகு கரண்ட் போகும். "ஜா, கேலோ!", அதாவது 'அட, போச்சே!' என்று ஒரு பெருமூச்சு மொத்தத் தெருவிலிருந்தும் ஒரே நேரத்தில் வரும்.

எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. திருநெல்வேலியில் தாத்தா இறந்த பிறகு அப்பா அவளை இங்கே அழைத்துவந்து காலேஜில் சேர்த்திருந்தார். விலங்கியல் படித்தாள். அப்பாவுக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. யாராவது கேட்டால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பி.எஸ்ஸி. படிக்கா" என்பார். என்ன பாடம் என்று மட்டும் சொல்ல மாட்டார். தவளையை அறுக்கிற பெண் இருக்கிற வீட்டில் சைவ மெஸ் நடக்கிறது என்று தெரிந்தால் சாப்பிட வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயம்.

அத்தையிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பச்சை வெல்வெட் ஒட்டிய உள்பக்கத்தில் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி, கைப்பிடி வைத்த ஊசி எல்லாம் தூங்குகிற குழந்தைகள் மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். காலேஜ் விட்டு வந்ததும் பெட்டியை மொட்டை மாடிக் குழாயடியில் வைத்துவிட்டு, குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். இது அம்மா போட்ட சட்டம். குளித்தாலும் அவள் விரலில் ஆஸ்பத்திரி வாசனை போகாது. அந்தக் கையால் என் மூக்கைப் பிடித்து ஆட்டி, "என்ன மருமவனே, இன்னைக்கு உன்னைய அறுக்கட்டுமா?" என்பாள். நான் கத்திக்கொண்டு ஓடுவேன். அம்மா சிரிப்பாள். அம்மா சிரித்தது எனக்கு ஞாபகம் இருப்பது அந்த வருடம் வரைக்கும்தான்.

அப்போது அம்மா பிள்ளை உண்டாகியிருந்தாள். எனக்கு அடுத்து இரண்டு முறை தங்காமல் போயிருந்தது என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டையும் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. இம்முறை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அப்பா காளிகாட் பக்கம் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் அம்மாவின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, தினம் ஒரு முட்டை சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி மெஸ் முடிந்ததும் மூன்று பேரும் லாந்தரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன்.

"நம்ம சாதியில உண்டாட்டி? எந்தலைமுறையில எவளாவது முட்டை தின்னிருக்காளா?" என்றார் அப்பா.

"எந்தலைமுறையில எவளும் ரத்தமில்லாமச் சாகலையாக்கும்?" என்றாள் அத்தை.

"வாயை மூடுட்டி. உயிருல்லா அது."

"உயிரில்ல அண்ணே. அதத்தான் சொல்லுதேன். கடையில விக்கானே பண்ணைமுட்டை, அங்க சேவலே கிடையாது. சேவல் இல்லாம உயிரு எங்கிருந்து வரும்? உள்ள சைகோட்டே உண்டாகாது. அது வெறும் கூடு. நீங்க குடிக்கிற பாலு மாதிரி."

"என்னது உண்டாகாது?"

"சைகோட்டு."

அப்பா அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லவில்லை. பீடியை அணைத்தார். "நம்ம அடுப்புல ஏறப்படாது. நம்ம பாத்திரத்துல படப்படாது. கீழ ஒரு ஈ காக்காய்க்குத் தெரியப்படாது" என்றார். தங்கையின் படிப்பை அப்பா நம்பிய ராத்திரி அது. அவர் அவ்வளவு நம்பியதால்தான் பிறகு அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கீழே பின்கட்டில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மாசிமா என்போம்; என் அம்மாவை அவள் பௌமா, அதாவது மருமகள் என்பாள். அத்தை அவளிடம் விஷயத்தைச் சொன்னதும் மாசிமா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "முட்டையை ஒளிச்சுத் தின்கிற ஜனங்களை இப்பதான் பாக்கறேன்! பௌமா நல்லா இருக்கணும், நான் வேகவைச்சுத் தரேன்" என்று பாதி வங்காளியிலும் பாதி எங்களிடம் பிடித்துக்கொண்ட தமிழிலும் சொன்னாள். தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக் கிண்ணத்தில், அவள் உரித்த முட்டை, வாழையிலைத் துண்டால் மூடி மாடிக்கு வரும். அம்மா கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மருந்துபோல் விழுங்குவாள். உடனே ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்வாள். அந்தக் கிராம்பு வாசனை வந்தால் முட்டை ஆயிற்று என்று அர்த்தம்.

முட்டை ஓட்டை மாசிமாவின் குப்பையில் போடக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். குப்பைக்காரன் மெஸ்ஸுக்கும் அவள் வீட்டுக்கும் பொதுவானவன். அப்பா அதற்கும் பயந்தார். அதனால் ஓடுகளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, அத்தை காலேஜ் போகும் வழியில் மெட்ரோ பள்ளத்தில் போடுவாள். நானும் கூடப் போவேன். பொட்டலம் அந்த மஞ்சள் தண்ணீரில் விழும் சத்தம் எனக்குப் பிடிக்கும். இப்போது காளிகாட்டைத் தாண்டி டாலிகஞ்சுக்கு மெட்ரோவில் போகும்போதெல்லாம், இந்தத் தண்டவாளத்துக்கு அடியில் எங்கேயோ என் அம்மா சாப்பிட்ட முட்டையின் ஓடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்குக் கன்னம் வைத்தது. நகத்தில் சிவப்பு ஏறியது. ஒரு மத்தியானம் மெஸ்ஸின் ராத்திரிச் சப்பாத்திக்கு அவளும் அத்தையும் மாவு உருட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏ பிள்ளே, அன்னைக்கு உங்க அண்ணங்கிட்ட ஒரு பேரு சொன்னியே. அது என்னது?"

"சைகோட்டா மதினி?"

"அதான்."

அத்தை இரண்டு உருண்டையை எடுத்தாள். இரண்டையும் சேர்த்து அழுத்தி உருட்டி ஒன்றாக்கினாள். "இது அப்பன்கிட்டருந்து வந்தது, இது ஆத்தாகிட்டருந்து வந்தது. ரெண்டும் சேந்துட்டு. இப்ப இது அதுவுமில்ல, இதுவுமில்ல, புதுசா ஒண்ணு. அதுக்குத்தான் அந்தப் பேரு. ஆனா ஒரு நாளைக்குத்தான். மறுநா அது ரெண்டாப் பிரிஞ்சிரும், அப்புறம் நாலாகும். பிரிய ஆரம்பிச்சா அந்தப் பேரு போயிரும். வேற பேரு வந்துரும்."

"ஒரு நாளைக்கா பேரு வச்சிருக்கான்?"

"ஒரு நாளைக்குத்தான் மதினி."

நான் குறுக்கே விழுந்து, "நானும் அப்பிடி இருந்தனா அத்தே?" என்றேன்.

"நீயும் இருந்த. கீழ ரெண்டு கூட்டு வாங்கித் திங்காரே அந்த ஹெட்கிளார்க்கு, அவரும் ஒரு நா அம்புட்டுக்காணு ஒண்ணாத்தான் இருந்தாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்த ஒட்டிய உருண்டையைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.

"அப்ப எனக்குத் தங்காமப் போச்சே ரெண்டு. அதுக்கும் அந்தப் பேரு இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும் மதினி. எல்லாத்துக்கும் ஒரு நா இருந்திருக்கும்."

"என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றாள் அம்மா. அந்த மாவு அவள் கையிலேயே வெகுநேரம் இருந்து மேல்தோல் காய்ந்துவிட்டது. அதில் போட்ட சப்பாத்தி அப்பளம் மாதிரி இருந்தது. நான்தான் தின்றேன்.

பிறகு ஜாமாய் சஷ்டி வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வங்காளி வீடுகளில் மாப்பிள்ளையை அழைத்து விருந்து போடுகிற நாள். மாசிமாவுக்கு அன்று இரண்டு மாப்பிள்ளைகள். இலீஷ் மீனும் ஆட்டுக்கறியுமாக அவள் அடுப்பு விடிந்ததிலிருந்து ஓயவில்லை. சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து மாடிப்படிக்கு வந்து, பச்சை முட்டையை என் கையில் கொடுத்து, "கோகா, தம்பி, இன்னிக்கு முடியலை, அத்தைகிட்ட குடு, பாலில் அடிச்சுக் குடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அத்தை மொட்டை மாடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை ஏற்றிப் பாலைச் சுட வைத்தாள். அம்மா தண்ணீர்த் தொட்டி நிழலில் மணைபோட்டு உட்கார்ந்திருந்தாள். அதுவரை வெந்து, உரித்து, இலை மூடி வந்ததைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். உடைத்துப் பார்த்ததில்லை. அத்தை மாசிமாவின் கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையை உடைத்தாள். மஞ்சள் கரு முழுசாக விழுந்தது. அதன் மேல் ஒரு ரத்தப் பொட்டு. சிவப்பாக, குங்குமம் தெறித்ததுபோல். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு.

அம்மா எட்டிப் பார்த்தாள்.

"பிள்ளே, இது என்னது?"

அத்தை கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏ பிள்ளே, உள்ள ஒண்ணுமில்லன்னு சொன்னியே. இது என்னதுன்னு கேக்கேன்."

எதற்கும் பதில் வைத்திருப்பவள் அத்தை. அன்றைக்கு அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் புத்தகத்தில் அது வரவில்லை. பால் பொங்கி ஸ்டவ்வில் வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. யாரும் இறக்கவில்லை. அம்மா எழுந்து சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தாள். அன்று சாப்பிட்டதை மட்டும் அல்ல, அத்தனை நாள் சாப்பிட்டதையும் வெளியே கொண்டுவர வேண்டும் என்பதுபோல் எடுத்தாள்.

சத்தம் கேட்டு அப்பா கரண்டியோடு மேலே வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"பாலு மாதிரின்னு சொன்னியேட்டி" என்றார். கத்தவில்லை. "பாலு மாதிரின்னு சொன்னியே."

அவ்வளவுதான். அத்தை அழுதிருந்தாலோ எதிர்த்துப் பேசியிருந்தாலோ அது வேறு மாதிரி முடிந்திருக்கும். அவள் சும்மா நின்றதை எல்லாரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு அம்மா முட்டை மட்டும் அல்ல, எதையுமே சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து கிளறிப் பார்ப்பாள். பருப்பில் கறுப்பாக எதாவது கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். மாசிமா படியேறி வந்து, "பௌமா, அது ஒண்ணுமில்லை, நாங்க அதை எடுத்துப் போட்டுட்டுத் தின்னுவோம்" என்று கெஞ்சினாள். மாசிமா மீன் தின்கிறவள். அவள் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியுமா என்று அம்மா நினைத்தாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். அது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மழை வந்து பள்ளங்கள் நிரம்பிச் சந்தில் முழங்கால் தண்ணீர் நின்ற ஒரு நாள், அம்மாவைக் கைரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரசவத்துக்கு நாள் இன்னும் நிறைய இருந்தது. ரிக்‌ஷாக்காரர் தண்ணீரில் தடவித் தடவி நடந்தார். அம்மா வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரோ பிடுங்க வருவதுபோல.

பெண் குழந்தை. நான் பார்க்கவில்லை. யாரையும் பார்க்க விடவில்லை.

வீட்டுக்கு வந்த அம்மாவிடம் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். அப்பா சொன்னார். லேக் கார்டன்ஸிலிருந்து துக்கம் கேட்க வந்த நம்மவர்கள் வீட்டு மாமிகளும் சொன்னார்கள். "மூச்சுகூட விடலை. பேருகூட வைக்கல. அதுக்குப் போயி அழலாமா? அழாத." அம்மா உடனே நிறுத்திவிடுவாள். அழுகையை விழுங்குகிறபோது அவள் தொண்டை ஏறி இறங்கும். முட்டை விழுங்கினபோதும் அப்படித்தான்.

கதவோரமாக நின்ற அத்தை ஒரு முறை, "பேரு இல்லாம இல்ல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "உன் பேச்சைக் கேட்டது போதும்" என்றார் அப்பா.

துர்கா பூஜைக்கு முன்பே அத்தைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை ஜாம்ஷெட்பூரில் வேலை. முதல் மனைவி இறந்தவர். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அந்தத் தகரப் பெட்டி பழைய சாமான் வாங்குகிறவனிடம் போனது. அவன் கத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தபடி சந்தில் எறிந்துவிட்டான். பச்சை வெல்வெட்டில் மழை பெய்தது. ஹௌரா ஸ்டேஷனில் அத்தை என் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். விரலில் மருதாணி வாசனைதான் இருந்தது. "என்ன மருமவனே" என்று ஆரம்பித்து, மிச்சத்தைச் சொல்லவில்லை.

அம்மாவால் பிறகு அடுப்பின் முன் நிற்க முடியவில்லை. அப்பா ஒருவரால் மெஸ்ஸை இழுக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நான் கரண்டி பிடித்தேன். அதில் எனக்குக் குறை இல்லை. நீங்களெல்லாம் பை மாட்டிக்கொண்டு போவதைச் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பேன். சிலர் கையாட்டுவீர்கள்.

அம்மா அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள். ஒவ்வொரு ஜாமாய் சஷ்டிக்கும், கீழே விருந்து வாசனை வரும்போது, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "ஒரு தாயோட பிள்ளைய நான் தின்னேம்லா. அவ என் பிள்ளைய எடுத்துக்கிட்டா. கணக்கு சரியாப் போச்சு" என்றாள். கோபம் இல்லாமல் சொன்னாள்.

இனி இந்த வருடத்துக்கு வருகிறேன். என் மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் வேலைக்கு இங்கே வந்தவர். என்னோடுதான் இருக்கிறார்கள். குழந்தைக்காக ஒரு கிளினிக்கில் வைத்தியம், கருவை வெளியே கண்ணாடித் தட்டில் உண்டாக்கி உள்ளே வைக்கிற முறை. ஊசி போட்டுப் போட்டு அவள் வயிறு நீலம் பாரித்திருந்தது. சித்திரையில் ஒரு நாள் காலையில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கிளினிக் பெண் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். எனக்கு ஆங்கிலம் ஓடாது. ஆனால் நடுவில் ஒரு வார்த்தை ஓடி வந்து என் காதில் உட்கார்ந்தது. சைகோட். மூன்று சைகோட்.

நான் கரண்டியை வைத்துவிட்டேன். அந்த வார்த்தையைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். அன்று முழுக்க, இன்றைக்கு ஒரு நாள் அந்தப் பெயர் இருக்கும், நாளைக்குப் போய்விடும், போனால்தான் நல்லது என்று நினைத்துக்கொண்டே வேலை செய்தேன்.

அடுத்த போன் வந்தபோது அவள் ஸ்பீக்கரில் போடவில்லை. ஒன்றுகூடப் பிரியவில்லை. மூன்றும் அப்படியே நின்றுவிட்டன. காரணம் என்ன என்று டாக்டரிடம் போய்க் கேட்டார்கள். காரணம் சொல்ல முடியாது, சில நேரம் அப்படி ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் அவள் படுத்தே கிடந்தாள். மூன்றாம் நாள் மாப்பிள்ளை, "மாமா, நீங்க ஒரு நிமிஷம் தள்ளிக்கறீங்களா, அவளுக்கு ஆம்லெட் போட்டுத் தர்றேன்" என்றார். காலம் மாறிவிட்டது, என் வீட்டு அடுப்பில் இப்போது முட்டை ஏறுகிறது. அவர் கிண்ணத்தில் முட்டையை உடைத்தார். மஞ்சள் கருவின் மேல் ஒரு ரத்தப் பொட்டு.

அவர் ஸ்பூன் நுனியால் அதை எடுத்துத் தொட்டியில் உதறிவிட்டு, வெங்காயம் நறுக்கினார்.

"மாப்பிள்ளே, அது... உயிரில்லியா அது?"

"எது? இதுங்களா? அட இல்லீங்க மாமா. முட்டை உண்டாகறப்ப கோழிக்குள்ள சின்ன ரத்தக்குழாய் வெடிச்சிருக்கும். எந்த முட்டையிலயும் வரும். சேவலே இல்லாத பண்ணையிலயும் வருமுங்க. எங்க சித்தப்பா பண்ணையில நான் பாக்காததா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏனுங்க மாமா, உடம்பு முடியலையா?" என்றார்.

நான் மொட்டை மாடிக்குப் போனேன். ஜாம்ஷெட்பூருக்குப் போன் போட்டேன். அத்தை இப்போது மகனோடு இருக்கிறாள். தீபாவளி, பொங்கலுக்குப் பேசுவதோடு சரி. எதற்கு என்று தெரியாமல் பதறி எடுத்தாள். நான் கூச்சக்காரன், போனில் பேச்சு வராது. மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அத்தே, அந்த முட்டையில இருந்தது ரத்தக்குழாய், குஞ்சு இல்ல, நீங்க சொன்னதுதான் சரி, உள்ள ஒண்ணுமே இல்ல.



"தெரியும் மருமவனே" என்றாள்.

"தெரியுமா?"

"எப்பமோ தெரியும். இங்க வந்து எம்மகன் படிக்கையில அவன் வாத்திச்சிகிட்ட கேட்டேன். உன் கல்யாணத்துக்கு வந்தேம்லா, அப்ப உங்கம்மாட்ட சொன்னேன்."

"அம்மாட்ட சொன்னீங்களா? அம்மா என்ன சொன்னா?"

"பந்தியில வெத்தல மடிச்சிக்கிட்டு இருந்தா. மதினி, அது உயிரில்லன்னு சொன்னேன். மடிக்கத நிப்பாட்டிட்டு என்னையப் பாத்தா. 'அப்ப என் பிள்ள எதுக்குட்டி போச்சு?'ன்னு கேட்டா."

மறுபக்கம் அத்தை மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"நான் என்ன சொல்ல? ரத்தம் இல்லாமப் போச்சுன்னு சொல்லட்டா? நீ சாப்பிடாம இருந்ததால போச்சுன்னு சொல்லட்டா? சும்மாவே போச்சுன்னு சொல்லட்டா? அவ மூஞ்சி போன போக்கப் பாத்தேன். 'இல்ல மதினி, புஸ்தகத்துல தப்பாப் போட்டிருப்பான், நான்தான் அன்னைக்குத் தெரியாம உன்னைய திங்க வச்சுட்டேன்'னு சொல்லிட்டேன்."

"அத்தே..."

"அப்பத்தான்ல அவ என் கையப் பிடிச்சா. 'போட்டும் பிள்ளே, நீயும் சின்னப் பிள்ளதான, என்ன தெரியும் உனக்கு'ன்னு சொன்னா. மன்னிச்சிட்டா. அதுக்கப்புறந்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு, போ." சிரித்தாள் போலிருந்தது. "ஆமா, நீ இப்ப எதுக்கு இதக் கேக்க? யாருக்கு என்ன?"

மகளைப் பற்றிச் சொன்னேன். போனை வைக்கும்போது அத்தை, "அவள அழவேண்டாம்னு யாரும் சொல்லாம பாத்துக்க" என்றாள்.

அன்று சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மகள் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். தலை சீவாமல், கண் வீங்கி இருந்தது. என் கையையே பார்த்தாள்.

"அப்பா, அன்னிக்கு லிஃப்ட் வேலை செய்யலைன்னு படி ஏறினேனே. அதனாலயா?"

"இல்லம்மா."

"மாசிமா பேத்தி கல்யாணத்துல பப்பாளிச் சட்னி சாப்பிட்டேன். அதனாலயா?"

"இல்லம்மா."

"அப்ப எதனால?"

அவள் முகத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு காரணம் கொடு, எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கிற முகம். கொடுத்துவிட வேண்டும்போல் இருந்தது. அத்தை கொடுத்தாளே.

"தெரியலம்மா. யாருக்கும் தெரியல. ஆனா மூணும் இருந்துச்சு. ஒரு நாள் இருந்துச்சு. அதுக்குன்னு ஒரு பேரு இருக்கு. உனக்குத் தெரியும்."

அவள் அந்தப் பெயரை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அழுதாள். மாப்பிள்ளை ஓடிவந்து, அழாதே என்று சொல்ல வாயெடுத்தார். நான் மாவுக் கையால் அவரைப் பிடித்து நிறுத்தினேன். அவள் அழுது முடிக்கிற வரை அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

எழுதி முடித்தது: ஆனி மாதம், ரத யாத்திரைக்கு மறுநாள், மழை.